நாள் முழுக்க ஹீட்டர் ஓடினால் பில் குறையுமா?

குளிர் நாட்டில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கேஸில் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர், அந்த வெந்நீர் ஓடிச் சூடு தரும் ரேடியேட்டர் அறைக்கு ஒன்று. கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போனால் மாலைதான் திரும்புகிறார்கள். இந்த மாத பில் போன மாதத்தைப் போல இரண்டு மடங்கு வந்திருக்கிறது. "அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் இழுக்கும், நாள் முழுக்கக் குறைவாக ஓட விடுங்கள்" என்கிறார் கூட வேலை பார்க்கும் நண்பர். வாசலுக்கு வந்த ஓர் ஆள், பிளக்கில் செருகும் பெட்டி ஒன்றைக் காட்டி 40 சதவீதம் மிச்சம் என்றிருக்கிறார். கையோடு கேஸ் கம்பெனியை மாற்றும் படிவத்தையும் நீட்டியிருக்கிறார். படுக்கையறை மட்டும் சூடாவதே இல்லை, அதற்கு ஒரு செராமிக் ஹீட்டர் வாங்கலாமா என்பது கடைசிக் கேள்வி.

முதல் கேள்விக்கு நேரான பதில்: நண்பர் சொல்வது தவறு. வீட்டில் ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள், அல்லது நன்றாகக் குறைத்து வையுங்கள்.

மாலையில் வந்து போட்டதும் பாய்லர் அரை மணி, முக்கால் மணி நேரம் இரைச்சலோடு ஓடுகிறது அல்லவா, அதைக் கேட்டுத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பகல் முழுக்க விட்டு விட்டு எரிந்த கேஸ் யார் காதிலும் விழுவதில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மட்டம் உயர உயர ஒழுக்கு வேகமாகும். வீட்டின் சூடும் அப்படித்தான். உள்ளே எவ்வளவு சூடாக வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு வேகமாகச் சுவர், ஜன்னல், கூரை வழியாக வெளியே போகும். எட்டு மணி நேரம் வீடு ஆறிக் கிடந்தால் அந்த எட்டு மணி நேரமும் ஒழுக்கு குறைகிறது. திரும்பச் சூடேற்ற ஆகும் செலவு, அந்த எட்டு மணி நேரமும் சூடாகவே வைத்திருக்க ஆகும் செலவைவிட எப்போதும் குறைவுதான்.

இதிலிருந்தே இன்னொரு கணக்கும் வரும். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 15. வீடு எவ்வளவு சூடாக வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை 19-க்குக் குறைத்தால் வித்தியாசம் 14. பதினைந்தில் ஒரு பங்கு, சுமார் 7 சதவீதம் மிச்சம். வெளியே மைனஸ் 10 என்றால் அதே ஒரு டிகிரிக்கு 3 சதவீதம்தான். "ஒரு டிகிரிக்கு பத்து சதவீதம்" என்று எல்லா இடத்திலும் ஒரே எண்ணை ஒப்பிக்கும் விளம்பரங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரொம்பவும் குறைத்துவிடவும் வேண்டாம். ஆள் இருக்கும் வீட்டுக்கு 18 டிகிரி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் அதற்கும் மேலே வையுங்கள். வந்ததும் சீக்கிரம் சூடாகட்டும் என்று 28-க்குத் திருப்புவதிலும் பயனில்லை. தெர்மோஸ்டாட் வேகத்தைக் கூட்டாது. எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான் சொல்லும். நீங்கள் மறந்துபோனால் வீடு 28 வரை போய்விடும், அவ்வளவுதான்.

நண்பர் சொன்னது பொருந்தும் வீடு ஒன்று உண்டு. அது உங்கள் வீடு இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். வீட்டுக்கு வெளியே ஏசியின் வெளிப்பெட்டி போல விசிறி வைத்த ஒரு பெரிய பெட்டி இருந்து, அதிலிருந்து தரைக்கடிக் குழாய்க்கோ ரேடியேட்டருக்கோ வெந்நீர் போனால் அது ஹீட் பம்ப். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கொடுக்கிறது. ஆனால் தண்ணீர் 35, 40 டிகிரியில் மெதுவாக ஓடினால்தான் இந்தக் கணக்கு. காலையில் அணைத்துவிட்டு மாலையில் அவசரப்படுத்தினால் அது தண்ணீரின் சூட்டை ஏற்றும், திறன் இறங்கும். சில மாடல்களில் உள்ளே இருக்கும் சாதாரண மின் ஹீட்டரும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். அங்கே போய்விடும் மிச்சமெல்லாம். ஆகவே ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் முழுக்க அணைக்காமல் இரண்டு, மூன்று டிகிரி மட்டும் குறைப்பது நல்லது. இதிலும் ஒரு கிளை இருக்கிறது. சூடும் கொடுக்கும் ஸ்பிளிட் ஏசியும் ஹீட் பம்ப்தான். ஆனால் அது காற்றை நேரடியாகச் சூடாக்குவதால் பத்து நிமிடத்தில் அறை சூடாகிவிடும். அதைத் தாராளமாக அணைத்துவிட்டுப் போகலாம். தரைக்கடியில் குழாய் போட்டவர்களுக்குச் சொன்னதை ஏசிக்காரர்களும், ஏசிக்குச் சொன்னதைக் குழாய்க்காரர்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு இருப்பது கேஸ் பாய்லர். அணையுங்கள். வெளியே உறைநிலைக்குக் கீழே போகும் நாட்களில் மட்டும் 12 டிகிரியில் விட்டுப் போங்கள், குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க.

சரி, அந்தப் பெட்டிக்கு வருவோம். பெயர் மாறும், கலர் மாறும், உள்ளே இருப்பது மாறாது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கெப்பாசிட்டர், ஒரு சின்னப் பச்சை விளக்கு, விளக்கை எரிய வைக்க நாலு உதிரி பாகம். சிலவற்றில் கெப்பாசிட்டரும் இருக்காது. கெப்பாசிட்டர், இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்ற விகிதமான பவர் ஃபாக்டரைச் சரிசெய்யும். மோட்டார்கள் நிறைய ஓடும் தொழிற்சாலைக்கு அது தேவை, அவர்களுக்கு அதற்காக அபராதமும் உண்டு. வீட்டு மீட்டர் பில் போடுவது நீங்கள் உண்மையில் செலவழிக்கும் யூனிட்டுக்கு. மின் ஹீட்டரில் இருப்பதோ வெறும் கம்பிச்சுருள். அதன் பவர் ஃபாக்டர் ஏற்கனவே சரியாகத்தான் இருக்கிறது, சரிசெய்ய ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டில் எரிவதோ கேஸ். மின் பிளக்கில் செருகிய பெட்டி கேஸ் பில்லை எப்படிக் குறைக்கும் என்று அந்த ஆளிடமே கேட்டிருக்கலாம். இத்தனை வருஷமாக இது வாசல் வாசலாக விற்கிறது, தடுக்க வேண்டியவர்கள் புகார் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஏமாந்தவருக்கோ தான் ஏமாந்ததே தெரியாது. பெட்டியைச் செருகிய இரண்டாம் மாதம் குளிர் குறையும், பில்லும் குறையும், அவர் அக்கம்பக்கத்தில் சிபாரிசு செய்வார்.

படிவம் நீட்டும் ஆளிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். வாசலில் நின்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதைவிட முக்கியம், பில்லைக் காட்டாதீர்கள். "எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று வாங்கிப் பார்ப்பார்கள். அதில் இருக்கும் பெயரும் கணக்கு எண்ணும் மீட்டர் எண்ணும் கிடைத்தால், உங்களைக் கேட்காமலே கம்பெனியை மாற்றிவிட்டுக் கமிஷன் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். கம்பெனி மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. யூனிட் விலை என்ன, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் தினமும் விழும் நிலைக் கட்டணம் என்ன, எத்தனை மாத ஒப்பந்தம், நடுவில் விலகினால் எவ்வளவு என்ற நாலையும் எழுத்தில் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு மடங்கான பில்லுக்குக் காரணம் ஹீட்டராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பில்லை எடுத்து ரீடிங் இருக்கும் வரியைப் பாருங்கள். மீட்டரைப் பார்த்து எழுதியதா, உத்தேசமாகப் போட்டதா என்று அங்கேயே பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு மாதம் குறைத்து உத்தேசம் போட்டுவிட்டு மூன்றாவது மாதம் மொத்தத்தையும் தலையில் கட்டுவது வழக்கமான கூத்து. பணத்தைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கம்பெனியோடு வாதாட அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

மீட்டரை அண்மையில் மாற்றியிருந்தால் இதையும் பாருங்கள். கேஸ் மீட்டரின் முகப்பில் எம் எழுத்துக்கு மேலே சின்னதாக 3 போட்டிருந்தால் கன மீட்டர். எஃப்டி என்று இருந்தால் கன அடி. பழைய மீட்டர்கள் நூறு நூறு கன அடியாக எண்ணும். 100 கன அடி என்பது 2.83 கன மீட்டர். புது மீட்டர் வந்த பிறகும் கம்ப்யூட்டரில் பழைய கணக்கே இருந்தால் ஒவ்வொரு யூனிட்டும் கிட்டத்தட்ட மூன்றாக விழும். போன் செய்தால் "சிஸ்டத்தில் சரியாகத்தான் காட்டுகிறது" என்பார்கள். சிஸ்டத்தில் யாரோ ஒருவர் தப்பாகத் தட்டியதைத்தான் அது சரியாகக் காட்டுகிறது. முகப்பின் படத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாய்லர். கண்டென்சிங் பாய்லர் என்று அதன் மேல் எழுதியிருந்தால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். மாட்டிவிட்டுப் போனவர் 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார், அவருக்குத் திரும்ப வராமல் இருந்தால் போதும். ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் இருக்கும் நீராவி தண்ணீராகி அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். அதற்காகத்தான் அந்த பாய்லருக்கே கூடுதல் விலை. ரேடியேட்டர் படம் போட்ட குமிழை 60-க்குக் குறைத்துப் பாருங்கள். வீடு சூடாகக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும், கேஸ் குறையும். குழாய் படம் போட்ட குமிழ் வேறு, அதைத் தொட வேண்டாம். வெந்நீரைத் தேக்கி வைக்கும் தொட்டி இருந்தால் அது 60 டிகிரியில்தான் இருக்க வேண்டும். குறைத்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும்.

படுக்கையறை ரேடியேட்டரைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, மேல் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத் திருகை அதற்கான சாவியால் கால் சுற்றுத் திருப்புங்கள். ஸ்ஸ் என்று காற்று போகும். தண்ணீர் துளித்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரின் பிரஷர் முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கீழே குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் சேறு. அதற்கு ஆள் வர வேண்டும், வீட்டுக்காரர் செலவு. ரேடியேட்டரின் முன்னால் கட்டிலையோ பீரோவையோ ஒட்டிப் போட்டிருந்தாலும், நீளத் திரை அதை மூடித் தொங்கினாலும் சூடு அறைக்கு வராது.

ஜன்னல் இடுக்கைக் கண்டுபிடிக்க, காற்றடிக்கும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். திரைக்கு அருகில் மட்டும் வேண்டாம். புகை கலைந்து சாயும் இடத்தில் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டுங்கள். கதவின் கீழ் இடைவெளிக்குப் பிரஷ் பட்டை. இது உங்கள் கையால் முடியும். கூரைக்கும் சுவருக்கும் இன்சுலேஷன் போடுவதுதான் பெரிய மிச்சம், ஆனால் அதை வீட்டுக்காரர் செய்ய வேண்டும். பில் கட்டுவது நீங்கள், செலவு செய்ய வேண்டியது அவர்; அவருக்கு என்ன அவசரம்? பல நாடுகளில் இதற்கு அரசு மானியம் இருக்கிறது. அந்த விண்ணப்பத்திலும் வீட்டுக்காரர் சம்மதம் கேட்பார்கள், அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். கேட்பதை எழுத்தில் கேட்டு வையுங்கள். ஒன்று மட்டும்: கேஸ் எரியும் அறையின் காற்றுத் துளையை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். காற்று போதாமல் கேஸ் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டுபிடித்து ஒலிக்கும் அலாரம் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

கடைசியாக அந்த செராமிக் ஹீட்டர். செராமிக், எண்ணெய் அடைத்தது, விசிறி வைத்தது, எல்லாமே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஐந்து மடங்கு விலையுள்ளதும் அதையேதான் தரும். 2000 வாட் ஹீட்டர் இரவு எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 16 யூனிட். கேஸைவிட மின்சாரம் யூனிட்டுக்கு விலை கூடுதலாக இருக்கும் இடங்களே அதிகம், உங்கள் பில்லிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ரேடியேட்டரைச் சரிசெய்த பிறகும் படுக்கை ஜில்லென்று இருந்தால் மின் கம்பளி வாங்குங்கள். சுமார் 100 வாட்தான், இரவு முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, தூங்கும்போது அணைத்துவிடலாம். தானாக அணையும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், மடித்து வைக்காதீர்கள், யாராவது பழையதைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.