மகள் குழந்தைகளுக்கான நர்ஸிங் படிக்கிறாள், அமெரிக்கா போக முடியுமா?

கேள்வி: லண்டன் குரோய்டனில் வசிக்கிறோம். இங்கே பிறந்த மகள் குழந்தைகளுக்கான நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என்.எச்.எஸ். (பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவை) சம்பளத்தைப் பார்த்துவிட்டு, படிப்பு முடிந்ததும் அமெரிக்க மருத்துவமனைக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். மருமகள் நாகர்கோவிலில் பிறந்து, அங்கேயே பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்து, ஐந்து ஆண்டுகளாக இங்கே வார்டில் வேலை செய்கிறாள். அவளுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது. ஏஜென்சிக்காரர்கள் எல்லாம் சுலபம் என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அமெரிக்கா போக நினைக்கும் நர்ஸிடம் சம்பளத்தைப் பேசுமுன் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தப் பிரிவில் படித்தார், எந்த நாட்டில் பிறந்தார். உங்கள் மகளுக்கு முதல் கேள்வியில் சிக்கல். மருமகளுக்கு இரண்டாவதில் சிக்கல், ஆனால் அதற்கு உங்கள் வீட்டுக்குள்ளேயே தீர்வு இருக்கக்கூடும்.

மகளிடமிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனில் நர்ஸிங் சேரும்போதே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படிப் பிரிப்பதில்லை. அங்கே பதிவு பெற்ற நர்ஸ் என்றால் எல்லா நோயாளியையும் பார்க்கத் தெரிந்தவர் என்று பொருள். அதனால் மாநில நர்ஸிங் வாரியங்கள் படிப்பில் நான்கு துறைகளைத் தேடும்: பெரியவர்களுக்கான மருத்துவ-அறுவைப் பிரிவு, மகப்பேறு, குழந்தைகள், மனநலம். ஒவ்வொன்றிலும் வகுப்பறை நேரமும் வார்டில் செய்த பயிற்சி நேரமும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும். குழந்தைகள் பிரிவில் படித்தவரிடம் பெரியவர்களுக்கான நேரம் குறைவாகவும் மகப்பேறு நேரம் பெயருக்கு மட்டுமேயாகவும் இருக்கும். பெரியவர்கள் பிரிவில் படித்தவர்களுக்கே குழந்தைகள், மகப்பேறு நேரம் போதவில்லை என்று கடிதம் வருவதுண்டு. குழந்தைகள், மனநலப் பிரிவு நர்ஸ்கள் அமெரிக்கா போவதில் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். என்க்ளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வை எழுதும் நிலைக்கே அவர்கள் வருவதில்லை.

விட்ட நேரத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமே என்று ஏஜென்சி சொல்லும். வகுப்பறை நேரத்தை ஆன்லைனில் ஓரளவு நிரப்பிவிடலாம். மகப்பேறு வார்டில் மாணவியாக நின்று செய்யும் பயிற்சி நேரத்தை, படிப்பு முடிந்து பதிவும் ஆன பிறகு யார் தருவார்கள்? அங்கேதான் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வேலை அனுபவத்தைப் படிப்பு நேரமாகக் கணக்கில் சேர்க்கச் சொன்னால் வாரியங்கள் பொதுவாக மறுத்துவிடும். பத்து ஆண்டு அனுபவமானாலும் அதே கதிதான்.

உங்கள் மகள் இரண்டாம் ஆண்டில் இருப்பது நல்ல செய்தி. கதவு இன்னும் மூடவில்லை. பெரியவர்கள் பிரிவுக்கு மாற முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். சில பல்கலைக்கழகங்களில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து நான்கு ஆண்டுகளில் முடிக்கும் படிப்பும் உண்டு. குழந்தைகளைப் பார்ப்பதுதான் மகளுக்கு உயிர் என்றால், பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்த அந்தப் படிப்பே அவளுக்குப் பொருத்தம். ஓர் ஆண்டு கூடப் போனாலும் வீணில்லை.

மாற முடியாவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் மன்றமான என்.எம்.சி.யின் விதிப்படி படிப்பில் 2,300 மணி நேரம் வகுப்பு, 2,300 மணி நேரம் பயிற்சி. பயிற்சியில் 600 மணி வரை நோயாளி இல்லாத செயற்கைச் சூழலில் (சிமுலேஷன்) செய்ய அனுமதி உண்டு. அந்த நேரத்தை எல்லா மாநிலமும் ஒரே மாதிரி ஏற்காது. எனவே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த மருத்துவமனையின் எந்த வார்டில், எத்தனை மணி நேரம் என்று மகள் தானே ஒரு நோட்டில் எழுதி, பொறுப்பாளரின் கையெழுத்து உள்ள பயிற்சி ஏடுகளையும் நகலெடுத்து வைக்கட்டும். பல ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பல்கலைக்கழகத்தில் அந்த விவரம் கிடைக்காமல் போகலாம். மொத்தமாக ‘2,300 மணி’ என்று மட்டும் எழுதிய சான்றிதழ் அமெரிக்காவில் எடுபடாது.

இனி மருமகள். இந்தியாவில் பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்தவர்கள் நான்கு துறைகளையும் படித்தே வெளிவருகிறார்கள். ஆகவே மகளைத் தடுக்கும் சுவர் மருமகளுக்கு இல்லை. அவளைத் தடுப்பது பிறந்த ஊர்.

நர்ஸ்கள் பெரும்பாலும் போவது இ.பி-3 என்ற நிரந்தரக் குடியேற்ற விசாவில். தற்காலிக வேலை விசாவான எச்-1பி-க்கு அந்த வேலைக்கே பட்டப்படிப்பு கட்டாயமாக இருக்க வேண்டும். சாதாரண வார்டு வேலையை அதில் சேர்ப்பது கடினம். டி.என். விசா கனடா, மெக்சிகோ குடிமக்களுக்கு மட்டும். இ.பி-3 விசாவில் நர்ஸ்களுக்கு ஒரு சலுகை உண்டு: நர்ஸ் பற்றாக்குறையை அரசே ஏற்றுக்கொண்டிருப்பதால், ‘உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை’ என்று மருத்துவமனை விளம்பரம் செய்து நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையிலிருந்து விலக்கு இல்லை. ஆண்டுக்கு வேலைவழி விசாக்கள் சுமார் 1,40,000. அதில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. நாடு என்றால் கையில் உள்ள பாஸ்போர்ட் அல்ல, பிறந்த இடம். மருமகள் நாளைக்கே பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கினாலும் அமெரிக்கக் கணக்கில் அவள் இந்திய வரிசையில்தான் நிற்பாள்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா பட்டியல் வெளியிடுகிறது. 2025 டிசம்பர் பட்டியலில் இ.பி-3 பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு 2013 செப்டம்பர் வரை விண்ணப்பித்தவர்களே முறைக்கு வந்திருந்தார்கள். பிரிட்டன், இலங்கை உட்பட மற்ற பெரும்பாலான நாடுகளில் பிறந்தவர்களுக்கு 2023 ஏப்ரல். ஒரு பக்கம் பன்னிரண்டு ஆண்டு, மறுபக்கம் இரண்டரை ஆண்டு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்குள் பிள்ளைகளுக்கு 21 வயது தாண்டினால் பெற்றோரோடு விசா கிடைக்காமலும் போகலாம்.

இங்கே உங்கள் மகன் எங்கே பிறந்தார் என்பது முக்கியம். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அவர் யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ பிறந்திருந்தால், மருமகள் கணவரின் பிறந்த நாட்டுக் கணக்கில் சேர்ந்துகொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்போது இந்திய வரிசை அவளுக்கு இல்லை. இதை ஏஜென்சிகள் பலரும் கேட்பதே இல்லை, நர்ஸ்களுக்கும் தெரிவதில்லை. நிபந்தனை ஒன்று உண்டு: கணவனும் மனைவியும் சேர்ந்தே விசா பெற்றுச் செல்ல வேண்டும். ‘நீ முதலில் போ, நான் ஒரு வருடம் கழித்து வருகிறேன்’ என்பது இந்த வழியில் நடக்காது. பிள்ளை லண்டனில் பிறந்தது என்பதைக் காட்டித் தாய்க்கு இந்தச் சலுகை கேட்கவும் முடியாது. மகனின் பிறப்புச் சான்றிதழ் முழு வடிவில் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் பிறந்தவரென்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

வரிசையில் இடம் பிடிக்கும் தேதி, மருத்துவமனை அமெரிக்கக் குடிவரவுத் துறையில் நர்ஸுக்காக ஐ-140 என்ற குடியேற்ற மனுவைக் கொடுக்கும் நாள்தான். அதற்குள் என்க்ளெக்ஸ் தேர்வு முடிந்திருக்க வேண்டும், வேலை உறுதியும் வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு வார்டு அனுபவம் கேட்பதால், என்.எச்.எஸ்.ஸில் அனுபவம் சேர்க்கும் காலமும் வரிசையில் காத்திருக்கும் காலமும் ஒன்றாகவே ஓடும்படி திட்டமிட வேண்டும். அனுபவம் முடித்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குபவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளை இழக்கிறார்கள்.

தேர்வுக்கு முன் சான்றிதழ் மதிப்பீடு. இதைச் செய்யும் சி.ஜி.எஃப்.என்.எஸ். அமைப்பு 2025-இல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. விசா நேரத்தில் வேண்டிய விசாஸ்கிரீன் சான்றிதழையும் அவர்களிடமே வாங்கலாம். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். படித்த கல்லூரியும் பதிவு செய்த மன்றமும் ஆவணங்களை நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும், நர்ஸ் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். பதிவுச் சான்றுக்கு மகளுக்கு என்.எம்.சி. மட்டும் போதும். மருமகளுக்கு என்.எம்.சி.யோடு தமிழ்நாட்டு நர்ஸிங் மன்றத்தின் உறுதிச் சான்றும், கல்லூரியிலிருந்து வர வேண்டிய தாள்களும் சேரும். மாதக்கணக்கில் தள்ளிப்போவது இங்கேதான். ஊரில் அப்பாவோ தம்பியோ நேரில் போய் விசாரிக்க முடிந்தால் பெரிய உதவி. பிரிட்டனில் ஆங்கில வழியில் நர்ஸிங் படித்த மகளுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. இந்தியாவில் படித்த மருமகள் எழுதியாக வேண்டும், என்.எச்.எஸ். அனுபவம் அதற்கு ஈடாகாது.

மருமகளுக்கு இன்னொரு எச்சரிக்கை, பெயர் பற்றி. நம் ஊர் மதிப்பெண் பட்டியலில் ‘எஸ்’ என்ற இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே கணவர் பெயர் வந்திருக்கும். என்க்ளெக்ஸ் பதிவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. விண்ணப்பத்தின் முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். மற்ற பெயர்களுக்குத் திருமணச் சான்றிதழையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைக்கட்டும்.

எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்வதிலும் அவசரம் வேண்டாம். கலிஃபோர்னியாவில் சம்பளம் அதிகம், மருத்துவ-அறுவை வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் இல்லை என்ற விதியும் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில் வந்தது. ஆனால் விண்ணப்பிக்கவே அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணோ வரி எண்ணோ கேட்கும் மாநிலம் அது. ஒரு பாடத்தின் வகுப்பும் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தனவா என்றும் துருவிப் பார்க்கும். அந்த எண் இல்லாமலே விண்ணப்பிக்க முடிவதால் வெளிநாட்டு நர்ஸ்கள் பலர் நியூயார்க் வழியாகத் தேர்வு எழுதி, பிறகு வேலை கிடைத்த மாநிலத்துக்கு உரிமத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

என்க்ளெக்ஸ் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150. லண்டனிலேயே எழுதலாம். ஐந்து மணி நேரம், குறைந்தது 85, அதிகம் 150 கேள்விகள். பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும். தவறினால் 45 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். கேள்வி எப்படி வரும் என்று பாருங்கள். நான்கு நோயாளிகள்: அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு 7 என்பவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ஆக்ஸிஜன் அளவு 90 உள்ளவர், நேற்று தைராய்டு நீக்கப்பட்டு, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்பவர், ரத்தச் சர்க்கரை 180 உள்ளவர். யாரை முதலில் பார்ப்பீர்கள்? பிரிட்டிஷ் வார்டில் பழகியவர் 180 என்ற எண்ணைக் கண்டு திடுக்கிடுவார். அது அமெரிக்க அளவு, 18-ஆல் வகுத்தால் 10, அவசரமில்லை. நுரையீரல் நோயாளிக்கு 90 எதிர்பார்க்கத் தக்கதே. முதலில் போக வேண்டியது தைராய்டு நோயாளியிடம்: உதடு மரத்தால் கால்சியம் குறைகிறது, அடுத்துக் குரல்வளை இறுகி மூச்சு அடைக்கலாம். மருந்துப் பெயர்களும் மாறும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால். திறமையான நர்ஸ்களே இப்படிச் சின்ன விஷயங்களில்தான் மதிப்பெண் விடுகிறார்கள்.

சம்பளத்தை நேர்மையாகப் பார்ப்போம். இங்கிலாந்தில் புது நர்ஸ்கள் சேரும் சம்பளப் படியான 5-ஆம் பேண்ட் தொடக்கம் 2025-26-இல் 31,049 பவுண்ட். அமெரிக்க நர்ஸ்களின் நடுத்தரச் சம்பளம் 2024 மே கணக்கில் 93,600 டாலர், சுமார் 70,000 பவுண்ட். தொடக்கச் சம்பளத்தை நடுத்தரச் சம்பளத்தோடு ஒப்பிட்டு மயங்க வேண்டாம். மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் உண்டு, நோய் வந்தால் காப்பீடு தொடங்கும் முன் கையிலிருந்து கட்டும் தொகை தனி. என்.எச்.எஸ்.ஸில் முதல் நாளிலிருந்தே 27 நாள் விடுப்பும் 8 பொது விடுமுறையும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. பிரசவத்துக்கு அச்சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், ஓராண்டு வேலை செய்த பிறகு. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருமகள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை. இரண்டு மூன்று ஆண்டுக் கட்டாயம் வழக்கமானது. அது ஆண்டில் எழுதப்பட்டிருக்கிறதா, மணி நேரத்திலா? மணி நேரத்தில் என்றால் ஓவர்டைமும் பயிற்சி வாரங்களும் சேருமா? வேலை செய்த காலத்துக்கேற்ப அபராதம் குறையுமா? மருத்துவமனையின் பெயர் இருக்கிறதா, அல்லது ‘நாங்கள் அனுப்பும் இடம்’ என்று மட்டுமா? பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் தொடுத்த வழக்கில் 25,000 டாலர் அபராத விதி செல்லாது என்று 2019-இல் நியூயார்க்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு வழக்கு நடத்துவதைவிடப் போடும் முன் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காட்டுவது மலிவு.

போகுமுன் மருமகளின் பிரிட்டிஷ் நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான ஐ.எல்.ஆர். மட்டும் இருந்தால், தொடர்ந்து இரண்டு ஆண்டு பிரிட்டனுக்கு வெளியே இருந்தாலே அது காலாவதியாகும். மகன் பிரிட்டிஷ் குடிமகன் என்றால், மூன்று ஆண்டு இங்கே வசித்த மருமகள் ஐ.எல்.ஆர். கிடைத்த கையோடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், வழக்கமான பன்னிரண்டு மாதக் காத்திருப்பு இல்லை. அதை முடித்துவிட்டே கிளம்பட்டும், அமெரிக்கா பிடிக்காவிட்டால் திரும்ப வழி இருக்கும். என்.எம்.சி. பதிவையும் கைவிட வேண்டாம். ஆண்டுக் கட்டணம் 2025-இல் 120 பவுண்டாக இருந்தது, மூன்று ஆண்டுக்கொரு முறை 450 மணி நேர வேலைக் கணக்கு. அமெரிக்காவில் நர்ஸாகச் செய்யும் வேலையையும் அதில் காட்டலாம்.

இந்த வாரமே மகள் தன் பிரிவு ஒருங்கிணைப்பாளரிடம் நேரம் கேட்கட்டும், அடுத்த பயிற்சிப் பட்டியல் முடிவாகும் முன்.