சைக்கிள் பதில்கள்: சீட்டை ஏற்றுங்கள், கியரை இறக்குங்கள்

வயது 43. பள்ளிக்கூடக் காலம் முழுக்க சைக்கிள்தான். இப்போது ஆசைப்பட்டு கியர் வைத்த ரோடு பைக் வாங்கினேன், பத்து கிலோமீட்டர் போனாலே முட்டி வலிக்கிறது. வயதாகிவிட்டதா, சைக்கிள் சரியில்லையா?
*வாசகர், மடிப்பாக்கம்*

இரண்டும் இல்லை. உங்கள் சைக்கிளைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன், சீட் தாழ்வாக இருக்கும். நமக்கெல்லாம் சின்ன வயதில் குரங்குப் பெடலில் தொடங்கி, அப்புறம் சீட்டில் உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அந்தப் பழக்கம் நாற்பது வயதிலும் போவதில்லை. ரோடு பைக்கில் அப்படி ஊன்ற முடிந்தால் சீட் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும், அவ்வளவுதான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். முட்டி மடங்காமல் கால் நேராக வந்தால் உயரம் ஏறக்குறைய சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் அல்லவா, அப்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். இடுப்பு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடினால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள். ஒரே நாளில் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், சீட் கம்பியில் போட்டிருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக்கூடாது. முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம்.

அடுத்த சந்தேகம் கியர்மேல். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது, இதில் போட்டுக்கொண்டு 'இறுக்கமாக இருந்தால்தான் உடற்பயிற்சி' என்று மிதிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த இறுக்கம் முழுக்க முட்டிக்குத்தான் போகிறது. 15 வினாடிக்கு வலது முட்டி எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். இருபது வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று, நல்லது. பன்னிரண்டு, பதின்மூன்றுதான் என்றால் கியரை இறக்குங்கள். முதல் வாரம் காலைச் சும்மா சுழற்றுவதுபோல இருக்கும், பக்கத்தில் போகிறவர் சிரித்தாலும் சிரிப்பார், போகட்டும். இதையெல்லாம் செய்தும் ரெண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஈசிஆரில் காலையில் தெற்கே போகும்போது பறக்கிறேன், திரும்பும்போது உயிர் போகிறது. எனக்கு ஸ்டாமினா இல்லையா?
*வாசகி, திருவான்மியூர்*

கடிதத்தில் மார்கழி என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பதில் இருக்கிறது. அந்த மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளியது காற்று, நீங்களோ அதை உங்கள் தொடைபலம் என்று நினைத்துவிட்டீர்கள். (எல்லோரும் நினைப்பதுதான், நானும் நினைத்திருக்கிறேன்.) மகாபலிபுரம் வரை போய்விட்டு எதிர்காற்றில் வருவதைவிட, இப்போதைக்கு முட்டுக்காடு பாலத்தோடு திரும்புங்கள். வரும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், ரெண்டு கியர் இறக்கி, முழங்கையை மடித்துத் தாழ்ந்துகொண்டு, மூச்சு வாங்காத அளவுக்கு மிதியுங்கள், மணிக்கு 16 கிலோமீட்டர் என்றால் 16தான்.

பாலத்தில் ஒரு எச்சரிக்கை. தெற்கே போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம், காற்று அங்கிருந்து அடித்தால் லாரி வருகிற பக்கமாகத் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஆடும், தளர்வாகப் பிடியுங்கள்.

பஞ்சர் கடையில் "இந்த வால்வுக்கு என்கிட்ட பம்ப் இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.
*வாசகர், தாம்பரம்*

அவர் சொன்னது சரி. உங்களுடையது பிரெஸ்டா வால்வ், ஒல்லியாக, நுனியில் குட்டித் திருகோடு இருக்கும். அதன்மேல் மாட்ட விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது, மாட்டிவிட்டால் மோட்டார் பைக்குக்குக் காற்றடிக்கும் குழாயே போதும். அதில் ரெண்டு வாங்குங்கள், ஒன்று கட்டாயம் தொலையும்.

எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். 25 மில்லிமீட்டர் டயருக்கு பொதுவாக 80 முதல் 100 பிஎஸ்ஐ. ஒல்லி டயரில் சில நாளிலேயே காற்று இறங்கும், காற்று குறைவாகப் பள்ளத்தில் விட்டால் ரிம் டியூபைக் கடித்து பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு ஓட்டை போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் பாருங்கள்.

டியூப் மாற்றுவதை வீட்டிலேயே பழகுங்கள். நான் முதல்தடவை ரோட்டோரத்தில் பெருமையாகப் புது டியூப் போட்டு, அரை கிலோமீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கிவிட்டது. டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கவில்லை. வெடித்த லாரி டயரிலிருந்து வரும் முடி மாதிரியான கம்பித்துண்டு உள்ளேயே நின்றிருந்தது. வெறும் விரலால் தேடாதீர்கள், குத்தும், பஞ்சுத் துணியால் தடவினால் நூல் மாட்டும் இடத்தில் கம்பி இருக்கும்.

பேடிங் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடலாமா? (பெயர், ஊர் இரண்டும் வேண்டாம்)

கூடாது. ஜட்டியின் தையல்தான் உரசிப் புண்ணாக்கும். ஷார்ட்ஸை ஒவ்வொரு தடவையும் துவைத்துப் போடுங்கள்.

முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவேன் என்று அம்மா தொடவே விடவில்லை.
*கல்லூரி மாணவி, வேலூர்*

அம்மாவின் பயம் நியாயம்தான், ஆனால் சட்டென்று நிற்க வேண்டிய நேரத்தில் பின் பிரேக் மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும், சைக்கிள் நிற்காது. பிரேக் பிடிக்கும்போது உடல் எடை முன்னால் போகிறது, அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். நம் ஊர் சைக்கிளில் வழக்கமாக வலதுகைப் பிடிதான் முன் பிரேக். காலி மைதானத்தில், மெதுவாக ஓட்டி, இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, ரெண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள், அம்மாவையும் கூட்டிப்போங்கள். மணலிலும் வளைவிலும் மட்டும் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சார், பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ வாங்கட்டுமா? வயது 17.
*வாசகர், திருச்சி*

ஆறு மாதம் போகட்டும், தம்பி. யார் வாங்கினாலும் ஒருதடவையாவது சிக்னலில் காலைக் கழற்ற மறந்து, நின்ற இடத்திலேயே மரம் மாதிரி சாய்வார்கள். பணத்தை முதலில் ஹெல்மெட்டில் போடுங்கள். அப்புறம் வாங்கினால், ரோட்டுக்கு எடுத்துப்போகுமுன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.