மருந்து அடித்து இறந்தவரை 'மருந்து குடித்தவர்' என்று பதிந்திருக்கிறார்கள்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: விவசாயக் கூலியான என் கணவருக்கு வயது 40. 2024 அக்டோபரில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பருத்திக்காட்டில், டேங்குக்கு இவ்வளவு என்ற கணக்கில், மூன்று நாள் மருந்து அடித்தார். மூன்றாம் நாள் மாலை வாயில் நுரை தள்ளி விழுந்தவர், அரசு மருத்துவமனையில் இறந்தார். உரக்கடைக்காரர் சொன்னபடி இரண்டு மருந்துகளைக் கலந்து அடித்ததாக உடன் வேலை செய்தவர் கூறுகிறார். மருத்துவமனைப் பதிவிலோ 'மருந்து குடித்தவர்' என்று எழுதியிருக்கிறது. காட்டுக்காரர் 30,000 ரூபாய் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எனக்கு வழி உண்டா? அதே மருந்தை ஊரில் இன்னமும் அடிக்கிறார்களே, அதை நிறுத்த முடியுமா?

— ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: வழி உண்டு. முத்திரைத்தாளைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ செய்யப்படும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்கிறது. தவிர, மரணத்துக்கான இழப்பீட்டை வேலை கொடுத்தவர், இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்றும், குடும்பத்தாரிடம் நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கருதப்படாது என்றும் 8ஆம் பிரிவு கூறுகிறது. மூன்று மாதக் கூலிக்கு மேற்படாத முன்பணத்தை மட்டும் ஆணையர் கழித்துக்கொள்வார். நீங்கள் பெற்ற 30,000 ரூபாய் அவ்வாறு கழிக்கப்படக்கூடும், அவ்வளவுதான். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டிருந்தாலும், உங்கள் கணவரின் மரணம் அதற்கு முந்தையது என்பதால் உங்கள் உரிமை பழைய சட்டத்தின்படியே தீர்மானிக்கப்பட வேண்டும்.

விவசாயக் கூலிக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உங்களிடம் பலர் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. யார் யாருக்குச் சட்டம் பொருந்தும் என்று பட்டியலிடும் அதன் இரண்டாம் அட்டவணைப்படி, பொதுவான சாகுபடி வேலை என்றால், முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒரு நாளிலாவது 25 பேருக்கு மேல் வேலை செய்த பண்ணையாக இருந்தாக வேண்டும். நம் ஊர்க் காடுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வரா. ஆனால் அதே அட்டவணை, விவசாயத்திலும் தோட்டங்களிலும் பூச்சிமருந்து தெளிப்பவர்களையும் தூவுபவர்களையும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதற்கு ஆள் எண்ணிக்கை எதுவும் வேண்டியதில்லை. வழக்காடுகிறவர்களே பல நேரங்களில் கவனிக்கத் தவறும் வரி இது. உங்கள் மனுவின் முதல் பக்கத்திலேயே இது இடம்பெற வேண்டும்.

உங்கள் வழக்கின் பலவீனமான இடம் வேறு. "அவர் என் கூலியாள் அல்லர், டேங்க் கணக்கில் ஒப்பந்தம் பேசி வந்தவர்" என்று காட்டுக்காரர் வாதிடுவார். வேலையின் அளவுக்கு ஏற்பக் கூலி கொடுத்தார் என்பதனால் மட்டும் ஒருவர் ஒப்பந்ததாரர் ஆகிவிடுவதில்லை. தற்காலிக வேலை என்பதும் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தடையில்லை. மருந்தை வாங்கியவர் யார், எதை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார், எந்தப் பாத்தியை எப்போது அடிக்க வேண்டும் என்று சொன்னவர் யார், தெளிப்பான் யாருடையது என்பவற்றை ஆணையர் பார்ப்பார். உங்கள் கணவர் சொந்தத் தெளிப்பானோடு பல காடுகளுக்குப் போய்வந்தவர் என்றால் எதிர்த்தரப்பின் வாதத்துக்குக் கொஞ்சம் வலு கூடும். மற்றவை காட்டுக்காரரின் கையில் இருந்தன என்பதை உடன் வேலை செய்தவரின் சாட்சியம் நிறுவுமானால் அந்த வலு நிலைக்காது. அவர் ஊரை விட்டு வேலைக்குப் போவதற்கு முன்பே நடந்ததை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இனி மருத்துவமனைப் பதிவு. பூச்சிமருந்து நஞ்சோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் குடித்து வருகிறவர்களே அதிகம். ஆகையால், தூக்கி வந்தவர்கள் "மருந்து" என்று சொன்னதுமே பணியில் இருப்பவர் 'குடித்தவர்' என்று எழுதிவிடுவது நடக்கிறது. அந்தக் குறிப்பு இறுதியான சான்று அன்று. விபத்துப் பதிவேட்டின் நகல், சிகிச்சைக் குறிப்பேடு, பிரேத பரிசோதனை அறிக்கை, காவல்துறையின் பிரேத விசாரணை அறிக்கை, தடய அறிவியல் ஆய்வகத்தின் உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை ஆகிய அனைத்தையும் சான்றிட்ட நகலாகப் பெறுங்கள். பதிவில் அந்தத் தகவலைச் சொன்னவர் யார் என்று குறித்திருக்கிறதா எனப் பாருங்கள். இரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் நொதி குறைந்திருந்தால் அது நஞ்சின் வகையைக் காட்டும். உடலுக்குள் நுழைந்த வழியைக் காட்டாது. இரைப்பையில் மருந்து இல்லை அல்லது சொற்பமே இருந்தது என்று ஆய்வறிக்கை சொன்னால், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறியது என்ற உங்கள் கூற்று வலுப்பெறும்.

மருந்து ஆர்கனோபாஸ்பரஸ் வகை (நரம்பைத் தாக்கும் பாஸ்பரஸ் கூட்டுப்பொருள்) என்று உறுதியானால் சட்டம் இன்னும் ஒரு படி உங்கள் பக்கம் வருகிறது. அவ்வகை நஞ்சேற்றம் மூன்றாம் அட்டவணையின் முதல் பகுதியில் தொழில்சார் நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஆளாகும் வேலை செய்தவருக்கு அது நேர்ந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது வேலையினால் நேர்ந்த விபத்தாகவே கருதப்பட வேண்டும் என்று 3(2) பிரிவு கூறுகிறது. அதாவது குடித்தார் என்று நிரூபிக்கும் சுமை காட்டுக்காரருடையது. 'முகக்கவசம் போடாமல் அடித்தார்' என்ற வாதமும் இங்கே எடுபடாது. பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது போன்ற விலக்குகள் மரணம் நேர்ந்த வழக்குகளுக்குப் பொருந்தா. தெளிப்பவருக்குத் தக்க பாதுகாப்பு உடை இருக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளே சொல்கின்றன.

தொகையைப் பொறுத்தவரை, மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். அன்றைய உச்சவரம்பான 15,000 ரூபாயை மாதக் கூலியாகக் கொண்டால், 40 வயதுக்கான காரணி 184.17 என்பதால், 13,81,275 ரூபாய் வரும். காலத்தில் செலுத்தாததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், காரணமின்றித் தாமதித்திருந்தால் தொகையில் பாதி வரை அபராதமும் கேட்கலாம்.

மருந்து தயாரித்த நிறுவனத்தின் மீதும் உரக்கடையின் மீதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். என் கருத்தில் அதை முதன்மை வழியாகக் கொள்ள வேண்டாம். வேலை கொடுப்பவர் பணியிடப் பயன்பாட்டுக்காக வாங்கிய பொருளுக்கு, அவரிடம் எச்சரிக்கை தந்திருந்தால் போதும் என்ற விலக்கு அச்சட்டத்தின் 87ஆம் பிரிவில் இருக்கிறது. டப்பாவில் தமிழில் துண்டறிக்கை இல்லாதிருந்தாலோ, சிவப்பு, மஞ்சள் போன்ற நச்சுநிலை முக்கோணக் குறி இல்லாதிருந்தாலோ நிலைமை மாறும். காலி டப்பா கிடைத்தால் தொகுதி எண்ணோடு பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1958இல் பாராத்தியான் கலந்த உணவுப் பொருள்களால் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததன் பின்னணியில்தான் 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. அதன் 26ஆம் பிரிவின்படி, மருந்தைக் கையாள்வதால் நேரும் நஞ்சேற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று மாநில அரசு கட்டாயமாக்கலாம். 27ஆம் பிரிவின்படி, மக்களுக்கு ஆபத்து எனத் தெரிந்தால் ஒரு மருந்தின் விற்பனையையும் பயன்பாட்டையும் 60 நாள்களுக்குத் தடை செய்து ஆராயலாம். தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு இப்படி 60 நாள் தடை விதித்ததுண்டு. ஆனால் தெளித்து இறந்தவர் குடித்தவராகப் பதிவானால் இந்தப் பிரிவுகள் எதுவும் அசையா. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே அரசு விசாரணைக் குழு அமைத்தது. எனவே வேளாண்மை உதவி இயக்குநரிடமும் பூச்சிமருந்து ஆய்வாளரிடமும் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். கடையில் மாதிரி எடுக்கவும், ரசீது இல்லாமல் விற்றதை விசாரிக்கவும் ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. இந்தச் சட்டப்படி கடைக்காரர் மீது நீங்களே நேரடியாகக் குற்ற வழக்குத் தொடுக்க முடியாது. அரசின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும்.

இழப்பீட்டு மனுவை, உங்கள் பகுதிக்கு இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் 2026 அக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள். இறப்பிலிருந்து இரண்டு ஆண்டு என்பது கெடு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். மனுவில் உங்கள் பெயரோடு குழந்தைகள், மாமியார் விதவையாக இருந்தால் அவர் ஆகியோரின் பெயரையும் சேருங்கள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையே என்ற தயக்கம் வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மேற்சொன்ன நகல்களோடு மனு கொடுத்தால், வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள்.