விக்டோரியா காலத்தில் மஞ்சள் ரோஜாவுக்கு என்ன பொருள்?
மஞ்சள் ரோஜா நட்பின் அடையாளம்தானே, 19ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏன் வேறு பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொன்ன அன்றைய இங்கிலாந்தின் மலர் அகராதிகள் பலவற்றில் அது பொறாமையை, அல்லது குறைந்துவரும் காதலைக் குறித்தது. 1819இல் பாரிஸில் சார்லொட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் வெளிவந்த நூல், பூக்களால் சேதி சொல்லும் இந்த மோகத்தைப் பெரிதாகக் கிளப்பிவிட்டது. ஆனால் நூலுக்கு நூல் பொருள் மாறியது. ஆகவே காதலர்கள் பூங்கொத்திலேயே முழுக் கடிதம் எழுதினார்கள் என்பதை நான் நம்பமாட்டேன். ரோஸ்மேரி என்ற மணச்செடி நினைவுக்கு, ஐவிக் கொடி பற்றுறுதிக்கு என்று நிலைத்தவையும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது மிர்ட்டில். சின்ன வெள்ளைப் பூ, கசக்கினால் மணக்கும் இலை. காதலுக்கும் மணவாழ்வுக்கும் அடையாளம். 1858இல் விக்டோரியா அரசியின் மூத்த மகள் தன் திருமணத்தில் அதை ஏந்தினார். பிரிட்டிஷ் அரச குடும்பத்து மணப்பெண்களின் பூங்கொத்தில் இன்றும் அதைச் செருகுகிறார்கள்.