மருத்துவ ரகசியம், சட்டம்: ஒரு வக்கீலின் கேள்வி பதில்

கே: நோயாளியின் மருத்துவத் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் நம் ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்துமா?

ப: பொருந்தாது. அது 1996-இல் அந்த நாடு தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். மருத்துவத் தகவலுக்கென்று தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. 2018-இல் 'திஷா' என்று ஒரு வரைவு வந்தது, வரைவோடு நின்றது. எச்.ஐ.வி. சட்டம், மனநலச் சட்டம், கருக்கலைப்புச் சட்டம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு இருக்கிறது.

கே: அப்பாவின் கேஸ் ஷீட் நகல் தர மறுக்கிறார்கள்.

ப: மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணத்தை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். அப்பா கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். கைக்கு வந்ததும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

கே: மாப்பிள்ளைக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் டாக்டர் பெண் வீட்டில் சொல்லலாமா?

ப: சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் கொடுக்கப்போன நாகாலாந்து மருத்துவர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. சோதனை முடிவு வெளியே போய்க் கல்யாணம் நின்றது, வழக்குப் போட்டார். மணப்பெண்ணின் உயிர்வாழும் உரிமையே பெரிது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு நிற்காமல், எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமையையே கேள்வியாக்கியது. அந்தப் பேச்சு தேவையற்றது என்று 2002-இல் அதே நீதிமன்றம் ஒதுக்கியது. இப்போது 2017 எச்.ஐ.வி. சட்டம்தான் வழி. மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே சொல்லலாம், அதுவும் வாழ்க்கைத் துணைக்கு மட்டும். நீங்களே சொல்லுங்கள் என்று முதலில் நோயாளிக்கு ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியானால், 'நான் சொல்லப்போகிறேன்' என்று அவரிடம் அறிவித்துவிட்டுத்தான் நேரில் சொல்லலாம். மாமனார், சித்தப்பா, கல்யாணத் தரகர் யாருக்கும் இதில் இடமில்லை.

கே: அப்படியானால் அப்பாவிப் பெண்ணின் உயிர் முக்கியமில்லையா? வக்கீல்கள் எப்போதும் குற்றவாளி பக்கம்தான்!

ப: நோய் வந்தவர் குற்றவாளியா? துணைக்குச் சொல்ல வழி இருக்கிறது என்றுதான் மேலே எழுதினேன். ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தால் எவரும் சோதனைக்கே போகமாட்டார்கள். பிறகு அந்தப் பெண்ணை யார் காப்பாற்றுவது?

கே: மனைவிக்கு எச்.ஐ.வி. என்றால் கணவனுக்கும் இதே விதியா?

ப: விதி ஒன்றுதான். ஆனால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. பெண்களை மனதில் வைத்தே எழுதிய பகுதி இது. பலர் படிப்பதில்லை.

கே: துபாயில் இருக்கிறேன், எனக்கு ஹிப்பா...?

ப: முதல் பதில்.

கே: ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். கிரியாட்டினின் 1.6, பயப்படலாமா?

ப: நான் வக்கீல். படத்தில் உங்கள் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் தெரிகிறது. உடனே நீக்குங்கள்.

கே: ஆபா என்ற அரசின் சுகாதார அடையாள எண் எடுத்தால் எல்லா ஆஸ்பத்திரியும் என் ரெக்கார்டைப் பார்க்குமா?

ப: அந்த 14 இலக்க எண் கட்டாயமில்லை. ரெக்கார்டைப் பகிர உங்கள் சம்மதம் வேண்டும். கவுண்டரில் அவசரப்படுத்தினாலும், எதற்கு என்று கேட்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

கே: வேலையில் சேர எச்.ஐ.வி. சோதனை கேட்கிறார்கள்.

ப: கேட்கக் கூடாது, அதே 2017 சட்டம். நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.