கோடு விழுந்தும் புழு ஏன்?

கேள்வி: ஆடிப்பட்டத்தில் ஒன்றரை ஏக்கர் பி.டி. பருத்தி போட்டேன். மார்கழியில் காயைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. விதை போலி என்று கடையில் சண்டை போட்டேன். ஓர் ஆளைக் கூட்டிவந்து, இலையைக் கசக்கி ஒரு பட்டையை முக்கிக் காட்டினார்கள். கோடு விழுந்தது. 'விதை அசல்' என்று சொல்லிப் போய்விட்டார்கள். பட்டை பொய் சொல்லுமா?
- வாசகர், கம்பைநல்லூர்

பட்டை பொய் சொல்லவில்லை ஐயா. நீங்கள் கேட்டது ஒன்று, அது சொன்ன பதில் வேறொன்றுக்கு.

கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரிதான் இதுவும். மண்ணில் வாழும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ்) என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்திருக்கிறார்கள். அதனால் செடியே புழுவைக் கொல்லும் புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம் சாற்றில் இருந்தால் பட்டையில் கோடு விழும். மேலே ஒரு கோடு எப்போதும் விழ வேண்டும், விழாவிட்டால் பட்டையே கெட்டது. உங்களுக்கு எத்தனை கோடு என்று எழுதவில்லையே! 2006 முதல் வந்த இரண்டாம் தலைமுறை விதையில் கிரை 1ஏசி, கிரை 2ஏபி என்று இரண்டு புரதம். இரண்டையும் பார்க்கும் பட்டை என்றால் மூன்று கோடு வர வேண்டும்.

ஆனால் 'இருக்கிறதா' என்பதற்குத்தான் அது பதில் சொல்லும். 'எவ்வளவு' என்று தெரிய எலைசா செய்ய வேண்டும். குழிக்குழியான தட்டில் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று கருவியில் அளப்பார்கள். அளந்தால்தான் விஷயம் புரியும். இலையில் புரதம் அதிகம், பூவிலும் காய்த் தோலிலும் குறைவு. வயது ஏற ஏற இன்னும் இறங்கும். முதல் தலைமுறை ரகங்களை அளந்த நாக்பூர் பருத்தி ஆராய்ச்சிக்காரர்கள், 110 நாளுக்குப் பிறகு பச்சைக் காய்ப்புழுவைக் கொல்லும் அளவுக்குப் புரதம் இல்லை என்று 2005-இல் எழுதினார்கள். உங்கள் செடிக்கு மார்கழியில் 140 நாளுக்கு மேல் ஆகியிருக்கும். வந்தவர் கிள்ளியது நுனி இலையாக இருக்கும், புழு இருந்தது காயில்.

அதோடு, இளஞ்சிவப்புப் புழு இந்தப் புரதத்துக்குப் பழகியும் விட்டது. குஜராத்தில் முதல் புரதத்துக்கு அது அடங்கவில்லை என்பது 2010-லேயே வெளிவந்தது; அப்புறம் இரண்டாவதுக்கும் அதே கதை. பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை தனியாக வந்ததே, நினைவிருக்கிறதா? பழகாத புழுவும் வயலில் மிஞ்ச வேண்டும் என்றுதான் ஓரத்தில் அதை நடச் சொன்னார்கள். எங்கள் அப்பா உட்பட பெரும்பாலோர் நடவில்லை. சண்டை போட்டு பயனில்லை. அடுத்த முறை பூ விடும் முன்பே, ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்கள். பொறிக்கு தினம் எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்தடிக்கும் நேரம். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடித் தண்டை, வயலில் விட்டுவைக்காதீர்கள்.

ஒரு குட்டும் என் தலையில் போட்டுக்கொள்கிறேன். விதைப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிதில், ஒரே குழவியில் இரண்டு மாதிரியை அரைத்துவிட்டேன். சாதா பருத்தியிலும் மெல்லிய கோடு! மேலதிகாரி ஒன்றும் பேசாமல் குழவியைக் கையில் கொடுத்துக் கழுவச் சொன்னார். வந்தவர் கையைத் துடைத்தாரா என்று கேட்டீர்களா?

கேள்வி: போன வருஷக் காயிலிருந்து எடுத்த விதையையே போட்டால் புரதம் இருக்காதா?
- வாசகி, மொரப்பூர்

சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது. வீரிய ஒட்டில் பெரும்பாலும் ஒரு பெற்றோர் மட்டுமே பி.டி. அதனால் எடுத்துவைத்த விதையில் ஒரு மரபணு நாலில் ஒன்றுக்கு விட்டுப்போகும். இரண்டு மரபணு என்றால் 16-இல் 9 செடிக்குத்தான் இரண்டும் கிடைக்கும். பத்து இலையைச் சேர்த்துக் கசக்கினால் கோடு விழுந்துவிடும், ஏமாறாதீர்கள். செடிக்கு ஒரு இலை, ஒரு பட்டை.

கேள்வி: பருத்தி எண்ணெயில் பட்டையை முக்கிப் பார்க்கலாமா?
- வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

வேண்டாம். சுத்திகரித்த எண்ணெயில் புரதமே மிஞ்சாது. வெந்த பொருளிலும் புரதத்தின் வடிவம் குலைந்துபோவதால் பட்டைக்கு அடையாளம் தெரியாது. காசுதான் வீண்.