எழும்பூரில் வேலை நடக்கும்போது எங்கே ஏறுவது? ரங்கூன் யாத்ரீகர்களுக்குப் பதில்கள்

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தை ₹734.91 கோடியில் புதுப்பிக்கும் வேலைக்காக, 2025-இல் தென்மாவட்ட ரயில்கள் சில தாம்பரத்திலிருந்தும் மும்பை ரயில் கடற்கரை நிலையத்திலிருந்தும் விடப்பட்டன. தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை கிளம்பும் நம்மவர்கள் இதுபற்றிக் கேட்டவற்றில் முக்கியமானவை இங்கே.

கேள்வி (பாசுண்டான், ரங்கூன்): அண்ணே, டிக்கெட்டில் சென்னை எழும்பூர் என்றுதான் இருக்கிறது. ஊரிலிருக்கும் மாமா தாம்பரத்துக்குப் போகச் சொல்கிறார். டிக்கெட் செல்லுமா? ஏர்போர்ட்டிலிருந்து எப்படிப் போவது?

பதில்: செல்லும் தங்கச்சி. அதே பெட்டி, அதே இருக்கை. ஏறும் இடம் மட்டும்தான் மாறுகிறது. பெரும்பாலும் ரயில் வழக்கமாகத் தாம்பரத்தைத் தொடும் நேரத்தை ஒட்டித்தான் கிளம்பும், அதாவது எழும்பூர் நேரத்திலிருந்து அரை மணி கழித்து. ஆனாலும் அறிவிப்பில் உள்ள நேரத்தையே நம்புங்கள்.

விமானத்தில் வருபவர்களுக்கு இது லாபம். ஏர்போர்ட்டிலிருந்து எழும்பூரைவிடத் தாம்பரம்தான் பக்கம். மெட்ரோவில் ஏறிவிடாதீர்கள், அது நகரத்துப் பக்கம்தான் போகும். சுரங்கப்பாதை வழியாக ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் எதிரே திரிசூலம் நிலையம். அங்கிருந்து புறநகர் மின்ரயில்: பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், அடுத்தது தாம்பரம். சானடோரியம் வந்ததும் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். டிக்கெட் ₹5. காலை, மாலைக் கூட்ட நேரத்தில் பெரிய பெட்டியோடு மின்ரயிலில் ஏறுவது கஷ்டம். அப்போது டாக்சி எடுங்கள்.

கேள்வி (பெகு): கட்டடம்தானே கட்டுகிறார்கள்? ரயிலை ஏன் நகர்த்த வேண்டும்?

பதில்: காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் எழும் கட்டடங்கள் மட்டும் என்றால் ரயிலைத் தொடவே வேண்டியதில்லை. நடைமேடைக் கூரையும் மேலே குறுக்கே போகும் நடைபாலமும்தான் காரணம். அவற்றின் தூணுக்கு நடைமேடை நடுவிலேயே குழி தோண்டுகிறார்கள். சுற்றிலும் தகரத் தடுப்பு வைத்தால் பயணிகள் நிற்க ஒரு ஓரம்தான் மிஞ்சும். ஒரு ரயில் கூட்டம் இறங்கும்போதே எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று வந்தால் நெரிசல் ஆபத்து.

இரும்பு உத்தரத்தைக் கிரேன் தூக்கும்போது தண்டவாளத்துக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். மின்சாரம் திரும்ப வரும்வரை அந்தப் பாதையில் மின்ரயில் எஞ்சின் வர முடியாது.

இத்தோடு நீளக் கணக்கும் சேரும். எல்.எச்.பி. என்னும் புதுவகை ரயில் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 24 மீட்டர். 22 பெட்டி என்றால் 528 மீட்டர், எஞ்சினோடு 550-ஐ நெருங்கும். எழும்பூரில் 11 நடைமேடைகள் இருந்தாலும் 10, 11 புறநகர் ரயிலுக்கு. நீளமான நடைமேடைகளில் ஒன்றிரண்டு மூடினாலே, இரவு அடுத்தடுத்துக் கிளம்பும் தென்மாவட்ட ரயில்களுக்கு இடம் போதாது. தாம்பரத்தில் பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனையும் இருப்பதால் அங்கே மாற்றுகிறார்கள்.

கேள்வி (இன்செயின்): நம் சுற்று ரயிலில் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கமாக வரலாமே. அங்கே அப்படிச் செய்யக் கூடாதா?

பதில்: ரங்கூன் சுற்றுப்பாதை சுமார் 46 கி.மீ. வளையம், இன்செயினுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. எழும்பூருக்குத் தெற்கே செங்கல்பட்டு–தாம்பரம் தடம் ஒன்றுதான் பிரதான வழி. செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகச் சுற்றலாம். அது ஒற்றைப் பாதை, இத்தனை ரயில்களைத் தாங்காது.

கேள்வி (மோல்மேன்): ஐயா, அரியலூரில் இறங்க வேண்டும். ரயில் ‘கும்பகோணம் வழியாகத் திருப்பிவிடப்படும்’ என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு வழி. விருத்தாசலம், அரியலூர் வழி கார்டு லைன், அதாவது குறுக்குப் பாதை. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழி மெயின் லைன்; இது 60 கி.மீ.க்கு மேல் கூடுதல். விழுப்புரம்–தஞ்சாவூர் ஒற்றைப் பாதை என்பதால் எதிர் ரயிலுக்குக் காத்திருக்க நேரிடும், தாமதம் நிச்சயம். திருச்சிக்குப் போகிறவருக்கு நேரம்தான் நஷ்டம். உங்களுக்கு இறங்கும் ஊரே போய்விடுகிறது.

ரயில் முழுதாக ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானே திரும்பிவிடும். ஆனால் ஏறும் அல்லது இறங்கும் நிலையம் விடுபட்டாலோ, பாதி வழியில் நிறுத்தப்பட்டாலோ, ஐ.ஆர்.சி.டி.சி. என்னும் ரயில் டிக்கெட் தளத்தில் நீங்களே டி.டி.ஆர்., அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம் போட வேண்டும். ஏறும் நிலையம் விடுபட்டால் அங்கிருந்து கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இறங்கும் நிலையம் விடுபட்டால் அங்கே சேர வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள். ‘ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களுக்குத்தான் பணம் போகிறது.

கேள்வி (தாட்டன்): மாற்றம் பற்றி எங்களுக்கு எஸ்.எம்.எஸ். எதுவும் வரவில்லையே?

பதில்: ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டிருப்பார், செய்தி அவருக்குப் போயிருக்கும். பதிவு செய்யும்போதே தமிழ்நாட்டில் உங்களை அழைத்துப்போக வரும் உறவினரின் நம்பரைப் போடச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முதல் நாளும் அன்று காலையும் ரயில் எங்கே, எப்போது என்று காட்டும் என்.டி.இ.எஸ். செயலியில் ரயில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் இறங்கியபின் 139 என்னும் ரயில்வே உதவி எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். ரயில் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், எண்தான் குழப்பாது.

கேள்வி (தாமுவே, ரங்கூன்): அம்மாவுக்கு 74 வயது. கடைசி நேரத்தில் ஓட முடியாது. என்ன செய்வது?

பதில்: ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். ரயில் வேறு பக்கமிருந்து நுழைந்தால் பெட்டி வரிசை தலைகீழாகிவிடும். முன்னால் வரவேண்டிய எஸ்-2 பெட்டி பின்னால் நிற்கும், 500 மீட்டர் நடக்க வேண்டிவரும். நடைமேடையில் பெட்டி எண் காட்டும் பலகையைப் பார்த்து, பலகை அணைந்திருந்தால் போர்ட்டரிடம் கேட்டு, அந்த இடத்தில் அம்மாவை உட்கார வையுங்கள். அப்படியும் வரிசை மாறி வந்தால், அருகிலிருக்கும் ரிசர்வேஷன் பெட்டியில் அவரை முதலில் ஏற்றிவிட்டு, வண்டி கிளம்பியபின் உள்ளே நடந்தே உங்கள் பெட்டிக்குப் போங்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் ஏற்ற வேண்டாம், அங்கிருந்து உள்வழியாக வர முடியாமல் போகலாம்.